லாரி இல்லாத ரேட்டு

கக்கூஸ் கழுவுவதற்கும் டெண்டர் உண்டு என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரோடு போட, பாலம் கட்ட, வாரச்சந்தை ஏலம் எடுக்க என்றால் வெள்ளை வேட்டிகள் வந்து குவியும். பள்ளிக்கூடத்து மூத்திரக் கொட்டகைக்கு எவன் அடித்துக்கொள்ளப் போகிறான் என்று நினைப்பார்கள். அடித்துக்கொண்டார்கள். கொளஞ்சி அந்த அடிபிடிக்குள் பல வருஷம் கிடந்தாள். கடைசியில் ஜெயிக்கவும் செய்தாள். தோற்ற கதை என்றால் நாலு வரியில் சொல்லி முடித்துவிடலாம். இது ஜெயித்த கதை, அதனால்தான் சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்ள அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக அந்த ஊருக்குள் புகுந்து போகும். ஓட்டு வீடு, வேப்பமரம், கொடியில் காயும் புடவை எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி வெள்ளைப் புழுதி. இப்படிப்பட்ட ஊரைச் சுத்தம் செய்ய வருஷா வருஷம் டெண்டர் விடுவார்கள். தெரு கூட்டுவது, சாக்கடை அள்ளுவது, பஸ் ஸ்டாண்டு கக்கூஸ், பள்ளிக்கூடங்களின் கக்கூஸ், அவற்றின் குழி எல்லாம் ஒரே கட்டு.

கொளஞ்சி இந்த வேலைக்கு வந்தது தொண்ணூற்றைந்தில். அதுவரைக்கும் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போனவள். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் வானம் கையை விரித்தது. புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவன், அங்கேயே ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. போகட்டும், அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது தம்பி பிச்சைமுத்து ஒருவன்தான். அம்மா செத்தபோது அவனுக்குப் பால்பல் விழுகிற வயசு. இவள்தான் சோறூட்டி, சொறி சிரங்குக்கு வேப்பிலை அரைத்துப் பூசி, ஆளாக்கினாள். அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்துதான் கலியமூர்த்தியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

கலியமூர்த்திதான் அப்போது ஊரைச் சுத்தம் செய்கிற கான்ட்ராக்டர். டி.வி.எஸ். வண்டியில் விடிகாலையில் வந்து நிற்பார். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதுவரை கேட்பார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிட முடிந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

பெண்கள் கழுவினார்கள், ஆண்கள் அள்ளினார்கள். குழிக்குள் இறங்குவது மட்டும் பிச்சைமுத்துவின் வேலை என்று ஆகிப்போனது. ஒல்லியான உடம்பு, குழி வாய்க்குள் தோள் இடிக்காமல் நுழையும். அது ஒரு தகுதி. மூடியை முதல்நாள் சாயங்காலமே நகர்த்தித் திறந்துபோடுவார்கள், காற்று வெளியேறட்டும் என்று. மறுநாள் காலையில் கலியமூர்த்தி ஒயின் ஷாப்பில் வாங்கிய பாட்டிலோடு வருவார். தன் கையாலேயே ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுப்பார். தாய் பிள்ளைக்குக் கஷாயம் கொடுப்பதுபோல அவ்வளவு பதமாகச் சொல்வார்.

"போட்டுட்டு எறங்குடா தம்பி. ஒண்ணும் தெரியாது."

உண்மைதான், ஒன்றும் தெரியாது. தெரிந்தால் எவனும் இறங்க மாட்டான். குழி வேலை வருஷத்தில் சில நாள்தான். ஆனால் குடி அப்படி நாள் பார்த்து வருகிற விருந்தாளியா? போகப் போகப் பிச்சைமுத்துவுக்கு எல்லா நாளும் குழி நாள் ஆகிவிட்டது. ராத்திரி சோற்றுத் தட்டை எட்டி உதைப்பான், காலையில் அக்காளின் காலைப் பிடித்து அழுவான். "ஒடம்புலேர்ந்து அந்த வாடை போவ மாட்டேங்குதுக்கா" என்பான். கொளஞ்சி அவனைத் திட்டாத திட்டு கிடையாது. ஒயின் ஷாப் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், மேல்நிலைப் பள்ளிக் குழியில் அது நடந்தது. அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கொளஞ்சியின் கையில் இருந்தது. வாளி மேலே வரவில்லை. கூப்பிட்டாள், பதில் இல்லை. கயிறு மட்டும் திடீரென்று கனத்தது. ஓடி வந்து எல்லோரும் சேர்ந்து இழுத்துப் புளியமரத்தடியில் போட்டபோது அவன் கண் செருகிக் கிடந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். நெஞ்சுக்குள் ஒரு இளைப்பு மட்டும் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செட்டிகுளம் மலைக்குப் போனாள் கொளஞ்சி. கையில் கரும்போடு நிற்கிற முருகனின் எதிரே முந்தானையை ஏந்தி, "இனிமே எந்தம்பி அந்தக் குழியில கால வெக்கக் கூடாதுப்பா" என்று வேண்டிக்கொண்டு முடி இறக்கினாள். முருகன் கேட்டாரோ இல்லையோ, அடுத்த ஜூனில் கலியமூர்த்தி கூப்பிட்டார், பிச்சைமுத்து போனான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

அந்த லாரியை அவள் பார்த்தது அதற்கப்புறம்தான். ஏதோ காரியமாக அரியலூர் போனவள், சிமெண்ட் ஆலைக் குடியிருப்புப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றாள். பச்சை நிறத்தில் முதுகில் பெரிய உருளை சுமந்த லாரி ஒன்று வந்தது. டிரைவர் தடித்த குழாயை இழுத்துக் குழிக்குள் விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தான். பீடி தீர்வதற்குள் பாதிக் குழி காலி. ஒரு ஆள் இறங்கவில்லை. ஒருத்தன் சட்டை அழுக்காகவில்லை. கொளஞ்சி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று முழுசையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் சொன்னாள்.

"யாரு கான்ட்ராக்டு எடுக்குறாங்களோ அவங்க லாரிய கூப்புடலாம்டி. நாம எடுத்தா என்னா?"

ராசாத்தி எட்டாவது வரை படித்தவள், வாய் ஜாஸ்தி, அதைவிடத் தைரியம் ஜாஸ்தி. அப்போது ஊர் ஊராக மகளிர் குழு ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். கழுவுகிற பெண்களையெல்லாம் சேர்த்து இவர்களும் ஒரு குழு ஆரம்பித்தார்கள். மற்ற குழுக்கள் ஊறுகாய் போட்டன, மெழுகுவர்த்தி ஊற்றின. இவர்கள் டெண்டர் போடப் போனார்கள்.

இரண்டாயிரத்தொன்றில் முதல் டெண்டர். ராசாத்தி கணக்குப் போட்டாள்: ஆளுக்குக் கூலி, பிளீச்சிங் பவுடர், துடைப்பம், அப்புறம் லாரி வாடகை. கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீஸுக்குப் போனால், மேஜைக்காரர் கவரைத் தொடக்கூட இல்லை.

"முன் அனுபவச் சான்று எங்கம்மா?"

"அனுபவமா? நான் இதே ஊர்ல இத்தினி வருசமா கழுவுறேன் சார். உங்க ஆபீஸ் கக்கூஸையே நான்தான் கழுவுறேன்."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே விளக்கிச் சொன்னார். "கழுவுனது நீங்க. அனுபவம் கலியமூர்த்திக்குத்தான். கான்ட்ராக்டு அவர் பேர்ல இருந்துச்சுல்ல?"

துடைப்பம் பிடித்த கை காப்புக் காய்த்துக் கிடக்கிறது, அனுபவம் டி.வி.எஸ். வண்டியில் ஏறிப் போய்விட்டது. கொளஞ்சி வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதலாம் என்றாள். அரியலூரை அந்த வருஷம்தான் தனி மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். ராசாத்தி எழுதிக் கொடுத்தாள், கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுவருஷமே மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மனுவைத் தேடி எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்று இவர்களுக்கு விளங்கவில்லை. ஆபீஸே கலைந்து போகும்போது மனுவைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

விஷயம் கேள்விப்பட்ட கலியமூர்த்தி தானாகவே வீடு தேடி வந்தார். கோபமே இல்லை.

"என்ன கொளஞ்சி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. இந்த வருசம் நான் ஓட்டிக்கிறேன். அனுபவச் சான்று உங்க குழு பேருக்கு நானே தரேன். அடுத்த டெண்டருக்கு நான் கவர் போட மாட்டேன், நீ போட்டுக்க."

"வாய்ச் சொல்லு வேணாங்க. செட்டிகுளத்துல வந்து கற்பூரம் அணைப்பீங்களா?"

அந்தப் பக்கத்தில் பத்திரம், முத்திரைத் தாள் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. சாமி சன்னிதியில் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. டெண்டர் போடுகிறவர்களுக்குள் இது வழக்கமாகவே இருந்தது. இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எனக்கு என்று ஆபீஸ் எதிர் டீக்கடையில் பேசி முடிப்பார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் மட்டும் கோயிலுக்குப் போவார்கள். அணைத்த சத்தியத்தை மீறினவன் குடும்பம் விளங்காது என்பார்கள். கலியமூர்த்தி தயங்கவே இல்லை. மலையேறி வந்து, "அடுத்த டெண்டருக்கு நான் கவர் போட மாட்டேன்" என்று சொல்லிக் கற்பூரத்தின் மேல் பட்டென்று அடித்தார். கொளஞ்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சொன்னபடி சான்றும் கொடுத்தார். சொன்னபடி அடுத்த டெண்டருக்குக் கவரும் போடவில்லை. கவர் போட்டது அவருடைய மச்சான் அறிவுச்செல்வன். உடையார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், துடைப்பத்தின் எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாதவன். அவன் ரேட்டில் லாரி இல்லை. கொளஞ்சி ரேட்டில் லாரி இருந்தது. குறைந்த ரேட்டுக்குத்தான் வேலை. பிரித்தார்கள், படித்தார்கள், முடிந்தது.

"கற்பூரம் அணைச்சீங்களேங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள் கொளஞ்சி.

"நான் போடலையே கொளஞ்சி. முருகன் சத்தியமா நான் போடல" என்றார் கலியமூர்த்தி. டீக்கடையில் அன்று முழுக்க இதே பேச்சு. 'ஆள் கில்லாடிய்யா' என்று மெச்சினார்களே தவிர, ஒருத்தன் சீ என்று சொல்லவில்லை. முருகனும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குடும்பம் நன்றாகவே விளங்கியது. மகனுக்குக் கல்யாணம் ஆனது, வண்டி மாறியது.

அதற்கப்புறம் மூன்று டெண்டர் இவர்கள் போட்டார்கள், மூன்றிலும் கலியமூர்த்தி ஆட்களிடமே தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் லாரி வாடகை அளவுக்கே மேலே நின்றார்கள். நடுவில் ஒயின் ஷாப்பெல்லாம் போய் அரசாங்கமே கடை திறந்தது. பிச்சைமுத்துவுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜூன் வந்தால் கயிறு, கஷாயம், குழி. கொளஞ்சி அந்த நாட்களில் கயிறு பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேறு எவளோ பிடித்தாள். இவள் தெருக்கோடியில் கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டாயிரத்தாறு. அந்த வருஷ டெண்டருக்கு முன்னால் ராசாத்தி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். "ஏண்டி, அந்த லாரிய கணக்குலேர்ந்து எடுத்து வுடு. மொதல்ல கான்ட்ராக்டு நம்ம கைக்கு வரட்டும். அப்புறம் லாரிக்கு வழி பாக்கலாம்."

"லாரிக்காகத்தாண்டி கான்ட்ராக்டே."

"கான்ட்ராக்டு இல்லாம லாரி மட்டும் வருமா?"

கொளஞ்சி மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியனிடம் போனாள். தங்கமான மனுஷன், பிள்ளைகள் மேல் உயிர். தொண்ணூற்றொன்பதில் பிச்சைமுத்துவைத் தூக்கிப் போட்டபோது ஓடிவந்து விசிறினவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"நீ கான்ட்ராக்ட எடும்மா. லாரிக்கு நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்துல சொல்லி ஏற்பாடு பண்றேன். என் பள்ளிக்கூடத்துல இனிமே மனுசன் எறங்கக் கூடாது."

போதாதா? கொளஞ்சிக்குப் போதும். பெரிய மனுஷன் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பிறகு, அதை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. முகத்தில் காறித் துப்புவதும் அதுவும் ஒன்று. கலியமூர்த்தியைக் கோயில் வரைக்கும் இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கியவள், நல்லவரிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கேட்கக் கூசினாள். கெட்டவனிடம் ஏமாந்தால் கற்றுக்கொள்கிறோம். நல்லவனிடம் எப்படி ஏமாறுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து லாரி வாடகையை அடித்துவிட்டு ரேட்டை எழுதினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பிச்சைமுத்து, "தலைக்கு மேல போனா சாண் என்னா மொழம் என்னாக்கா, போடு" என்றான். அவன் அன்றைக்கும் குடித்துத்தான் இருந்தான்.

ஜெயித்தார்கள். ஈ.ஓ. என்கிற செயல் அலுவலரின் அறையில் கவரைப் பிரித்துப் படித்தபோது ராசாத்தி குலவை போட்டுவிட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெளியே வந்தால் கலியமூர்த்தி வேப்பமரத்தடியில் வண்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்ட கொளஞ்சி. லாரிய சேத்துப் போட்டியா?"

கொளஞ்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சேத்திருக்க மாட்ட. சேத்திருந்தா ஜெயிச்சிருக்க முடியாது." வண்டியை உதைத்துக் கிளப்பினார். "நானும் மொத வருசம் சேத்துத்தான் போட்டேன்."

பொறாமையில் பேசுகிறான் என்று ராசாத்தி அந்தத் திசையில் மண்ணை அள்ளி வீசினாள். கொளஞ்சியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த மாசங்கள்தான் கொளஞ்சியின் வாழ்க்கையிலேயே நல்ல மாசங்கள். குழி கிடையாது என்று ஆனதும் பிச்சைமுத்து குடியை விட்டான். முதல் பத்து நாள் உடம்பு உதறிக்கொண்டு கிடந்தான். அக்காள் நீராகாரமும் எலுமிச்சையும் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தேறினான். இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டினான். வாசனைச் சோப்புப் போட்டு இரண்டு வேளை குளித்தான். குரும்பலூரில் ஒரு பெண் பேசி வந்தது. பெண்ணின் அப்பா குடித்தே செத்தவர். அதனால் அந்த வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "பையன் குடிப்பானா?" கொளஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்து, "தொடறதில்லீங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான். பங்குனியில் நிச்சயம் செய்வதாக இருந்தது.

சிவசுப்பிரமணியன் சார் ஜூன் மாசத்திலேயே மாற்றலாகிப் போயிருந்தார். மாற்றல் என்பது யார் கையிலும் இல்லை. கலியமூர்த்தி விட்டுப் போகும்போது குழி அள்ளியிருந்ததால் அந்த வருஷம் ஓடிவிடும் என்று இவர்கள் இருந்தார்கள். ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. தை கடந்து மாசியில் குழி ததும்பி வழிந்து, பிள்ளைகள் குடிக்கிற குழாயடி வரைக்கும் வந்துவிட்டது. பொதுத்தேர்வுக்கு அந்தப் பள்ளிதான் மையம். வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து எழுத வேண்டும்.

புதிதாக வந்த தலைமையாசிரியை புவனேஸ்வரி கெட்டவள் இல்லை. "எனக்கு யாருமே சொல்லலையேம்மா. அவர் எங்கியாவது எழுதி வெச்சாரா? கழகத்துல இருந்த பணமும் பெஞ்சு செய்யப் போயிடுச்சே" என்று வருத்தப்பட்டாள். கொளஞ்சி டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பழைய சாரைப் பிடித்தாள். அவர் மறுக்கவில்லை. "சொன்னேன்தாம்மா. சொன்னத இல்லேங்கல. ஆனா நான் இப்ப அங்க இல்லையேம்மா" என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. தழுதழுத்த குரலை ஊற்றிக் குழியைக் கழுவ முடியாது.

அரியலூருக்குப் போய் லாரிக்காரரிடம் கெஞ்சினாள். அவர் கேட்ட வாடகை இவர்கள் ஒரு மாச வேலைக்குப் பெறுவதைவிட அதிகம். அதையும் முன்னால் வைக்க வேண்டும். காதில் கிடந்ததைக் கழற்றிக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "இது குழாய் எறக்கவே காணாதேம்மா" என்றார். குழுப் பெண்கள் கையை விரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு அடுப்பு எரிய வேண்டும். ஈ.ஓ. ஒரே வார்த்தையில் முடித்தார். வரும் திங்கட்கிழமைக்குள் குழி காலியாகவில்லை என்றால் கான்ட்ராக்ட் ரத்து, குழு இனிமேல் எந்த டெண்டரும் போட முடியாது, இத்தனை வருஷம் பாடுபட்டு வாங்கிய பெயரும் போச்சு. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று எழுந்து வந்தாள் கொளஞ்சி.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே போய்க் கடப்பாறையால் நெம்பிக் குழி மூடியைத் திறந்துபோட்டாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனதும், வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு, ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள்.

"நீயா எறங்கப் போற? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் ராசாத்தி.

"கயித்தப் புடிடி."

குழி விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டவளுக்கு முதல் மூச்சிலேயே தலை சுற்றியது. மண்ணைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து வாந்தி எடுத்தாள். எடுத்து நிமிர்ந்தபோது பிச்சைமுத்து எதிரே நின்றுகொண்டிருந்தான். எவனோ சொல்லியிருக்கிறான். சலவைச் சட்டை போட்டிருந்தான். அதைக் கழற்றி ராசாத்தி கையில் மடித்துக் கொடுத்தான்.

"எந்திரிக்கா."

"வேணாம்டா. பிச்ச, வேணாம்டா. கான்ட்ராக்டு போனா போவட்டும். நாம வெங்காயக் காட்டுக்கே போயிடலாம்டா."

"காட்டுல யாருக்கா கூப்புடுறாங்க?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். "உனக்கு இது தெரியாது. எங்க மூச்ச வுடணும், எங்க அடக்கணும்னு தெரியாது. செத்துடுவ." கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். முடிச்சுப் போட்டான். குழி வாயைப் பார்த்தான். ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்துக்கொண்டான்.

"முடியலக்கா" என்றான். "சும்மா எறங்க முடியல. போயி வாங்கியா."

கொளஞ்சி போனாள். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் சுகமாக இருக்கட்டும். கடை திறக்கிற நேரம் வரை வெளியே நின்றாள். எந்தக் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாளோ, அதே இடத்தில்தான் இப்போது அரசாங்கக் கடை இருந்தது. ஆண்கள் விலகி வழி விட்டார்கள். "அக்காவுக்கு மொதல்ல குடுங்கப்பா" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். கம்பிக்கு உள்ளே கை நீட்டி வாங்கி, முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் குரும்பலூர்ப் பெண்ணின் வீட்டார் யாரும் பஸ்ஸில் இறங்கிவிடக் கூடாதே என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்துவுக்கு டம்ளரில் அவளே ஊற்றினாள். ஊற்றித் தண்ணீர் கலந்தாள். எவ்வளவு கலப்பது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, பார்த்த கண்தானே. அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அக்காளின் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாசம் கழித்து அந்த வாடை மூக்கில் ஏறியதில் அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு ஆயிரம் சொல்ல வேண்டும் போல இருந்தது. கீழே கொட்டுடா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஓடிப் போயிடுடா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தாள்.

"போட்டுட்டு எறங்குடா தம்பி. ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டுக் கயிற்றின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.